கதவைத் தட்டிய பொலிஸ்காரன்: ‘த ரெய்ட்’ பார்த்துவிட்டு நாங்கள் பிடித்த சண்டை

(கதை முழுவதும் கீழே வருகிறது. படம் பார்க்காத ஆட்கள் பார்த்துவிட்டு வாருங்கோ.)

படம் முடிந்து எழுத்து ஓடத் தொடங்கியதும் ஒருவர் எழும்பி லைட்டைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பிறகு மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது: “சரி, இதில கதை எங்க?”

அவ்வளவுதான். அந்தக் கேள்வியில் தொடங்கிய வாக்குவாதம் இரண்டு தரம் பிளேன்ரீ ஊற்றியும் முடியவில்லை. கடைசி பஸ்ஸை விட்டவர்களும் உண்டு. கதையே இல்லாத படத்தைப் பற்றி இவ்வளவு நேரம் கதைக்கலாம் என்பது எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாதத்துக்கு ஒரு தரம் சேர்ந்திருந்து ஒரு படம் பார்ப்பது எங்கள் வழக்கம். அநேகமாகக் கனமான படங்கள்தான் அகப்படும். பார்த்து முடிய எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவோம். இந்த முறை “மூளைக்குக் கொஞ்சம் ஓய்வு குடுப்பம், சும்மா ஒரு அடிபாட்டுப் படம் பாப்பம்” என்று முடிவெடுத்துத்தான் ‘த ரெய்ட்’டைப் போட்டோம். ஓய்வு கிடைத்ததா என்றால், இல்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் படத்தைப் பற்றி

‘த ரெய்ட்’ 2011 இல் வந்த இந்தோனேசியப் படம். அங்கே அதன் பெயர் ‘செர்புவான் மாவுத்’. அந்த வருடம் செப்டெம்பரில் ரொறன்ரோ திரைப்பட விழாவில், நள்ளிரவுப் படங்களுக்கான பிரிவில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, அந்தப் பிரிவின் பார்வையாளர் விருதையும் வாங்கியது. இயக்குநர் கரெத் எவன்ஸ் ஒரு வேல்ஸ்காரர். பென்சாக் சிலாட் என்ற இந்தோனேசியத் தற்காப்புக் கலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப்போன இடத்தில், தொலைபேசிக் கொம்பனி ஒன்றில் ட்ரைவராக வேலை செய்துகொண்டிருந்த இகோ உவைஸ் என்ற இளைஞரைக் கண்டார். அவரை வைத்து 2009 இல் ‘மெரந்தாவ்’ எடுத்தார். அதற்குப் பிறகு பெரிய ஒரு தாதாக் கதை எழுதி வைத்திருந்தார். அதை எடுக்கக் காசு சேரவில்லை. சரி, இருக்கிற காசுக்கு ஒரே கட்டடத்துக்குள் முடிகிற மாதிரி ஒன்றை எடுப்போம் என்று எடுத்ததுதான் இந்தப் படம். மொத்தச் செலவு ஏறக்குறைய 11 இலட்சம் அமெரிக்க டொலர். ஹொலிவூட்டில் அந்தக் காசுக்கு ஒரு கார்த் துரத்தல்கூட ஒழுங்காக வராது.

கதையை ஒரு மூச்சில் சொல்லலாம். ஜகார்த்தாவின் சேரிப் பகுதியில் ஒரு பழைய தொடர்மாடி. அதன் சொந்தக்காரன் தாமா என்ற தாதா. குற்றவாளிகளுக்கும் போதைப்பொருள் வேலைக்கும் அது அடைக்கலம். விடியற்காலை இருபது பேர் கொண்ட விசேட பொலிஸ் அணி ஒன்று உள்ளே நுழைகிறது. ஆறாவது மாடியில் காட்டிக்கொடுக்கப்படுகிறார்கள். கதவுகள் பூட்டப்படுகின்றன, வெளிச்சம் அணைக்கப்படுகிறது, வேட்டை திசை மாறுகிறது. உதவிக்கு ஒருவரும் வரமாட்டார்கள், ஏனென்றால் இப்படி ஒரு நடவடிக்கை நடப்பதே மேலிடத்துக்கு முறையாகச் சொல்லப்படவில்லை. மிஞ்சிய சிலரில் ஒருவன் ராமா. புதுசாகச் சேர்ந்த பொலிஸ்காரன், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி மனைவி. தாமாவின் வலக்கையாக இருக்கும் ஆண்டி அவனுடைய கூடப்பிறந்த அண்ணன்.

இதுதான் கதை. இனி எங்கள் சண்டைக்கு வருவோம்.

“கதை இல்லை” கட்சி

இந்தக் கட்சிக்கு உலகத்தில் பெரிய ஆதரவு இருக்கிறது. அமெரிக்காவின் பேர்போன விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்தப் படத்துக்கு 4 இல் 1 நட்சத்திரம்தான் கொடுத்தார். ஆட்களுக்குக் குணம் இல்லை, சொல்லக் கதை இல்லை, வீடியோ கேம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி இருக்கிறது என்பது அவருடைய குறை. மற்ற விமர்சகர்கள் பலர் தலையில் தூக்கிவைத்து ஆடிய படம் என்பதால் ரசிகர்கள் அவரோடு மல்லுக்கு நின்றார்கள். எங்களுக்குள்ளும் இரண்டு மூன்று ஈபர்ட்டுகள் இருக்கிறார்கள்.

“மாடி மாடியா ஏறி ஒவ்வொரு லெவலா முடிக்கிறான், கடைசியில பெரிய வில்லன். கேம்தானே இது?” என்று ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அண்ணன் தம்பி விஷயத்தைப் படம் இரண்டு நிமிடத்தில் கதைத்து முடிக்கிறது. ராமாவுக்கு மனைவி இருக்கிறாள் என்பது அவன் திரும்பி வரவேண்டும் என்று நாங்கள் நினைப்பதற்காக மட்டும்தான். இதையெல்லாம் மறுக்கமுடியாது.

ஆனால் “கதை” என்று நாங்கள் எதைத் தேடுகிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். நாங்கள் வளர்ந்தது தமிழ்ப் பொலிஸ் படங்களில். ‘சாமி’யும் ‘காக்க காக்க’வும் ஒரே வருடம், 2003 இல் வந்தன. 2010 இல் ‘சிங்கம்’ வந்தது. அந்தப் படங்களில் பொலிஸ்காரன் தான் யார், ஏன் அடிக்கிறான், சட்டம் ஏன் அவனுக்குப் போதவில்லை என்பதையெல்லாம் வாயாலேயே சொல்லிவிடுவான். அதைக் கேட்டுக் கைதட்டியவர்கள் நாங்களும்தான். சொல்லப்படுகிற காரணங்களைத்தான் கதை என்று பழகிவிட்டோம். இந்தப் படத்தில் ராமா ஒரு பஞ்ச் டயலொக்கும் பேசுவதில்லை. அதனால் காதால் தேடினால் ஒன்றும் கிடைக்காது, கண்ணால்தான் தேடவேண்டும்.

எங்களில் ஒருவர் கவனித்துச் சொன்ன ஒரு விஷயத்தை இங்கே போடுகிறோம். படத்தின் ஆரம்பத்தில் தாமா தனக்கு எதிரே முழந்தாளில் இருக்கும் ஆட்களை ஒவ்வொருவராகச் சுடுகிறான். கடைசி ஆளுக்கு வரும்போது துவக்கில் தோட்டா முடிந்துவிடுகிறது. லாச்சியைத் திறந்து சுத்தியலை எடுக்கிறான். அந்த முகத்தில் கோபம் கிடையாது, பேனையில் மை முடிந்தால் வேறு பேனை எடுக்கிற அலுப்புத்தான். படத்தின் கடைசியில் பொலிஸ் அணியைக் கூட்டிவந்த லெப்டினன்ட் வாஹ்யூ, தாமாவைச் சுட்டுவிட்டு, அதே துவக்கைத் தன் தலையில் வைத்து அழுத்துகிறான். அதிலும் தோட்டா இல்லை. முன்னுக்கு ஒரு வெறும் துவக்கு, பின்னுக்கு ஒரு வெறும் துவக்கு. ஒன்று தாதாவின் கையில், மற்றது பொலிஸ் அதிகாரியின் கையில். இரண்டு பேரும் ஒரே கணக்கில்தான் வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஊழல் பொலிஸைப் பற்றி ஒரு பிரசங்கமும் வைக்காமல் படம் சொல்லவந்ததைச் சொல்லிவிட்டது.

நடுவில் மூன்றாவது துவக்கு ஒன்றும் வருகிறது. தாமாவின் அடியாள் மேட் டோக், சார்ஜன்ட் ஜாகாவைத் துவக்கு முனையில் பிடித்து ஒரு அறைக்குள் கொண்டுபோகிறான். சுடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, துவக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கையால் அடிக்க வா என்கிறான். இவன் செய்வதும் கொலைதான், ஆனால் அதைத் தன் உடம்பால்தான் செய்யவேண்டும் என்று நினைக்கிறவன். படம் முழுக்கவே அப்படித்தான் இறங்கிவருகிறது. முதலில் துவக்குகள், பிறகு கத்திகள், கடைசியில் வெறுங்கை. கருவி குறையக் குறைய ஆளுக்கு ஆள் கிட்ட வருகிறார்கள். இதுவும் ஒரு கதைதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

“அடிபாடுதான் கதை” கட்சி

இந்தக் கட்சிக்காரர்களுக்கு ஈபர்ட்டும் வேண்டாம் ஒருத்தரும் வேண்டாம். அவர்கள் நடைபாதைச் சண்டையை மூன்று தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தவர்கள். அவர்களுடைய வாதத்தையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

பென்சாக் சிலாட் இந்தோனேசியாவில் கிராமத்துக்குக் கிராமம் வேறுபட்ட பாணிகளோடு பயிலப்படுகிற ஒரு மரபு. 2019 இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இகோ உவைஸ் சின்ன வயதிலிருந்தே தன் குடும்பத்தவரின் சிலாட் பள்ளியில் பயின்றவர். மேட் டோக்காக வரும் யாயன் ருஹியான் சிலாட் பயிற்றுவிப்பவர். ஜாகாவாக வரும் ஜோ தஸ்லிம் இந்தோனேசியத் தேசிய ஜூடோ அணியில் இருந்தவர். சண்டைகளை அமைத்ததில் இகோவுக்கும் யாயனுக்கும் பெரிய பங்கு. அதாவது, திரையில் அடிபடுகிற ஆட்களேதான் அந்த அடியை யோசித்தவர்களும். அதனால் கமெராவுக்கு எதையும் மறைக்கவேண்டிய தேவை இல்லை. ஹொலிவூட் படங்களில் ஒரு குத்துக்கு நாலு வெட்டு வெட்டி, யார் யாருக்கு அடித்தார்கள் என்றே விளங்காமல் செய்வார்கள். இங்கே தலையிலிருந்து கால் வரை தெரிகிறது. ராமா எங்கே நிற்கிறான், கதவு எந்தப் பக்கம், கத்தி யாருடைய கையில் என்று ஒவ்வொரு கணமும் எங்களுக்குத் தெரியும். தெரிவதால்தான் பயமும் வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் படங்களில் ஹீரோ ஒரு அடி அடித்தால் பத்துப்பேர் பறப்பார்கள், பிறகு எழும்பமாட்டார்கள். இங்கே விழுந்தவன் எழும்பி வருகிறான். திரும்ப அடிக்கவேண்டியிருக்கிறது. ராமாவுக்கு மூச்சு வாங்குகிறது. கடைசிச் சண்டையில் சங்கிலியில் தொங்கவிட்டு அடிபட்டுக்கொண்டிருந்த ஆண்டியை மேட் டோக் தானே இறக்கவிட்டு, அண்ணன் தம்பி இரண்டு பேரோடும் ஒரேயடியாக மோதுகிறான். உருவத்தில் மூன்று பேரிலும் சின்ன ஆள் அவன்தான். உடைந்த ரியூப் லைட் கழுத்தில் குத்தி நிற்கும்போதுகூட அவன் விடுவதாக இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே களைத்துவிட்டது. அந்தக் களைப்பு படத்தின் பலம் என்று ஒரு பகுதி சொன்னது. “அதுதான் சலிப்பு” என்று மற்றப் பகுதி சொன்னது. இதில் எங்களுக்குள் இன்றுவரை சமாதானம் இல்லை.

ஒரு நண்பி வேறு விஷயத்தைக் கவனித்திருந்தாள். படம் தொடங்குவதே ராமா விடியமுன் தொழுவதில்தான். பிறகு உடற்பயிற்சி, பிறகு மனைவியிடம் விடைபெறல். “தொழுது எழும்புற ஒருத்தன் ஒரு அக்‌ஷன் படத்தில ஹீரோவா வாறதை நான் எத்தனை தரம் பாத்திருக்கிறன் எண்டு யோசிச்சன். விரல் விட்டு எண்ணலாம்” என்றாள். அமெரிக்கப் படங்களில் அப்படித் தொழுகிற ஒருவனைக் காட்டினால் அடுத்த காட்சியில் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே அது ஒரு விஷயமாகவே இல்லை, ஒருவன் வேலைக்குப் போகமுன் செய்கிற காரியம். பெயரோ ராமா. இந்தோனேசியாவில் அது ஆச்சரியமும் இல்லை. எங்களில் சிலருக்கு மட்டும் ஆச்சரியமாக இருந்தது என்றால், அது எங்களைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறது.

எழும்பிப் போனவர்

இவ்வளவும் வழமையான வாக்குவாதம்தான். நாங்கள் ஓய்வில்லாமல் போனதற்குக் காரணம் வேறு.

படத்தின் நடுவில் எங்களில் ஒருவர் எழும்பி வெளியே போய்விட்டார். இரத்தத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைத்து ஒன்றிரண்டு பேர் சிரித்தோம். பிறகு கேட்டபோதுதான் எந்தக் காட்சியில் போனார் என்பது தெரிந்தது.

ராமாவும் காயப்பட்ட அவனுடைய சகா போவோவும் ஒரு வீட்டுச் சுவருக்குப் பின்னாலுள்ள ஒடுக்கமான இடத்தில் ஒளிந்து நிற்கிறார்கள். வெட்டுக்கத்திகளோடு வந்தவர்கள் அறையைக் கிளறுகிறார்கள். ஒருவன் சந்தேகத்தில் சுவரைக் கத்தியால் குத்திக்குத்திப் பார்க்கிறான். ஒரு குத்து சுவரைத் தாண்டி ராமாவின் கன்னத்தில் இறங்குகிறது. சத்தம் போடமுடியாது. கத்தியை இழுக்கும்போது அதில் இரத்தம் தெரிந்தால் முடிந்தது. அதனால் கத்தி பின்னுக்குப் போகப்போக ராமா அதைத் துடைத்துவிடுகிறான்.

படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுதான் என்று அடிபாட்டுக் கட்சியே ஒத்துக்கொள்கிறது. இதில் ஒரு அடியும் இல்லை.

வெளியே போனவர் சொன்னார்: “எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆளைத்தான் தெரியும். கத்தியோட நிக்கிறவையை இல்லை, பொலிஸையும் இல்லை. அந்த வீட்டுக்காரரை.” அவருடைய மாமா ஒருவர் அந்தக் காலத்தில் கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தவராம். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுப்பாராம். இரவில் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால், கதவு தட்டப்படுமுன்னமே எழும்பி உடுப்பை மாற்றிக்கொண்டு கட்டிலில் இருந்துவிடுவாராம்.

எங்களில் பலர் சுற்றிவளைப்புகளை நினைவு தெரிந்து கண்ட வயதில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. அம்மாமார் சமைத்துக்கொண்டு சொல்லுவார்கள், இடையில் உப்புப் போட்டேனா என்று கேட்டுவிட்டு மீண்டும் தொடருவார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நாங்கள், ஒரு பொலிஸ் அணி விடியற்காலையில் ஒரு தொடர்மாடிக்குள் நுழைகிற படத்தை “மூளைக்கு ஓய்வு” என்று நினைத்துப் போட்டிருக்கிறோம். இதை அவர் சொன்ன பிறகுதான் யோசித்தோம்.

எந்தப் பக்கத்துக் கதவு?

அந்தக் கேள்வியோடு திரும்பிப் பார்த்தால் படம் வேறு மாதிரித் தெரிகிறது.

அணி உள்ளே நுழைகிறபோது ஒரு மனிதன் எதிர்ப்படுகிறான். குற்றவாளி இல்லை. வருத்தக்கார மனைவிக்கு மருந்து கொண்டுபோகிறவன். அவனையும் பொலிஸார் தடுத்து வைக்கிறார்கள். பிறகு காவலுக்கு நிற்கிற ஒரு சிறுவன் இவர்களைக் கண்டு இன்னொரு சிறுவனுக்குச் செய்தி சொல்ல ஓடுகிறான். வாஹ்யூ யோசிக்காமல் சுடுகிறான். அந்தப் பொலிஸ் அணியின் முதல் பெரிய “சாதனை” ஒரு பெடியனைக் கொல்வது. மற்றப் பொலிஸார் அதிர்ந்துபோய் நிற்கிறார்கள். நாங்களும் அதிர்ந்தோம். ஆனால் சண்டை தொடங்கியதும் மறந்துவிட்டோம். படம் எங்களுக்கு அந்த மறதியையும் தந்துவிடுகிறது.

எல்லாம் தலைகீழான பிறகு, காயப்பட்ட போவோவைத் தாங்கிக்கொண்டு ராமா வந்து நிற்பது அந்த மருந்துக்கார மனிதனின் வாசலில். உடைப்பதற்கு அணியும் இல்லை, ஆயுதமும் இல்லை. தட்டுகிறான், கெஞ்சுகிறான். உள்ளே இருப்பவனுக்குத் திறக்க விருப்பமில்லை. இவர்களை உள்ளே எடுத்தால் தானும் மனைவியும் சாகலாம் என்பது அவனுக்குத் தெரியும். காலையில் தன்னைத் தடுத்து வைத்த சீருடை அது. ஆனாலும் கதவு திறக்கிறது.

எங்களுக்கு இந்தப் படத்தின் நடு இடம் இதுதான். எத்தனையோ பொலிஸ் படங்கள் பார்த்திருக்கிறோம். அவற்றில் பொலிஸ்காரன் ஏழை வீட்டுக் கதவுக்கு முன்னால் வந்தால் காலால் உதைப்பான், நாங்கள் விசில் அடிப்போம். இங்கே அவன் தட்டிவிட்டுக் காத்து நிற்கவேண்டியிருக்கிறது. அவனுடைய உயிர் அந்த வீட்டுக்காரனின் மனசில் தங்கியிருக்கிறது. ராமாவின் சிலாட் முழுக்கச் சேர்ந்தும் அவனை அந்த இடத்தில் காப்பாற்றவில்லை.

இதை ஜாக்கி சானின் ‘பொலிஸ் ஸ்ரோறி’யோடு வைத்துப் பாருங்கோ. 1985 இல் வந்த ஹொங்கொங் படம், இந்த வகைக்கே முன்னோடி. நாங்கள் எல்லோரும் ஜாக்கி சான் பைத்தியங்கள்தான், அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. கடைத்தொகுதிக்குள் லைட் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கீழே வழுக்கி வருகிற காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் கை வேர்க்கும். ஆனால் படத்தின் ஆரம்பத்தில் என்ன நடக்கிறது? மலைச்சரிவில் இருக்கும் குடிசைகளுக்கு நடுவே கார்கள் துரத்திக்கொண்டு இறங்குகின்றன. குடிசைகள் பொரிபொரியாக நொருங்குகின்றன. அருமையான காட்சிதான். அன்றிரவு அந்த ஆட்கள் எங்கே படுத்தார்கள் என்று படம் கேட்கவில்லை. சின்ன வயதில் பத்துத் தரம் பார்த்த நாங்களும் கேட்கவில்லை. ‘த ரெய்ட்’ ஒரே ஒரு வீட்டுக்காவது அந்தக் கேள்வியைக் கேட்கிறது.

படத்தோடு எங்களுக்குள்ள கோபம்

ஒரே ஒரு வீட்டுக்குத்தான் கேட்கிறது என்பதுதான் எங்கள் கோபமும்.

பொலிஸ் உள்ளே வந்ததும் தாமா ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பு விடுகிறான். வந்தவர்களை முடிக்கிற ஆளுக்குக் காலம் முழுக்க வாடகையில்லாமல் இருக்க இடம். யோசித்துப் பார்த்தால் இது படத்தில் வருகிற மிகக் கொடூரமான வசனம். ஒரு அறைக்காகக் கத்தி தூக்குகிற நிலையில் ஒரு கட்டடம் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் யார்? எல்லோரும் தாமாவின் ஆட்களா, அல்லது வேறு போக்கிடம் இல்லாமல் வந்து சேர்ந்தவர்களா? படத்துக்கு அக்கறையில்லை. அறிவிப்பு முடிந்ததும் அவர்கள் முகமில்லாத கூட்டமாக மாறி, கத்தியோடு ஓடிவந்து ராமாவின் கையால் சாகிறார்கள். ஒருவனின் கழுத்து உடைந்த கதவின் கூரில் ஏறுகிறது. நாங்கள் “ஓஹ்!” என்று கத்தினோம். செத்தவன் பெயர் என்ன என்று இயக்குநருக்கும் தெரியாது. வீடியோ கேம் என்று ஈபர்ட் சொன்னது இந்த இடத்தில் சரிதான் என்று படுகிறது. கதை இல்லாததால் இது கேம் ஆகவில்லை. செத்துப்போகிறவனுக்குக் கதை இல்லாததால்தான் ஆகிறது.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். ராமாவின் மனைவி வாசலில் நிற்கிறாள், மருந்துக்காரனின் மனைவி படுக்கையில் கிடக்கிறாள். ஒருத்திக்கு வயிற்றில் பிள்ளை, மற்றவளுக்கு வருத்தம். இவ்வளவு பெரிய தொடர்மாடியில் இவ்வளவுதான் பெண்களா என்று எங்கள் நண்பிகள் கேட்டதற்கு ஒருத்தராலும் பதில் சொல்லமுடியவில்லை.

வன்முறையை இரசிப்பது பற்றியும் கதைத்தோம். “வெற்றிமாறனின்ர ‘விசாரணை’யும் பொலிஸ் அடிக்கிற படம்தான். அதில ஒரு அடிக்கும் நீங்கள் கைதட்டேல்ல. இதில ஏன் தட்டினீங்கள்?” என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே அடிபடுகிறவனின் பெயர், ஊர், வேலை எல்லாம் எங்களுக்குத் தெரியும். அடி எங்கள் மேலே விழுகிறது. இங்கே அடிக்கிறவனின் பெயர் மட்டும் தெரியும். கைதட்டல் எப்போதும் பெயர் தெரிந்த ஆளின் பக்கம் போய்விடுகிறது. அது சினிமாவில் மட்டும் நடக்கிற விஷயமாக எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே?

பார்க்கலாமா வேண்டாமா என்று கேட்டால், பார்க்கலாம் என்றுதான் எங்களில் பெரும்பாலானோர் சொல்கிறோம். எழும்பிப் போனவரும் அதைத்தான் சொன்னார். சிறுவர்களோடு இருந்து பார்க்கிற படம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். உடம்பால் ஒரு கதை சொல்லமுடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தப் பக்கத்தில் குறைவு. குறைந்த காசில், தங்கள் ஊர்க் கலையை வைத்து, தங்கள் மொழியில் எடுத்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள் என்பதும் சின்ன விஷயமில்லை. இங்கே படமெடுக்க ஆசைப்படுகிற எங்கள் நண்பர்கள் “காசு இல்லை” என்று சொல்லும்போதெல்லாம் இனி இந்தப் படத்தைக் காட்டலாம் என்றிருக்கிறோம்.

ஆனால் ஒரு பொலிஸ் படத்தைப் பார்க்கும்போது, கதவு உடைகிற காட்சியில் தாங்கள் கதவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் ஒருதரம் யோசித்துப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் கருத்து. கமெரா எப்போதும் உதைக்கிறவனின் தோளுக்குப் பின்னால்தான் நிற்கும். அது எங்களையும் அங்கேயே கொண்டுபோய் நிறுத்திவிடும். நாங்கள் வளர்ந்த வீடுகளோ மற்றப் பக்கத்தில் இருந்தவை. இரண்டையும் ஒரே ஆள் மறந்துவிட்டுக் கைதட்டமுடிகிறது என்பதுதான் அன்றிரவு எங்களைத் தொந்தரவு செய்தது.

கடைசியில் ராமா, காயப்பட்ட போவோவையும் பிடிபட்ட வாஹ்யூவையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறான். தாமா பொலிஸ் அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுத்தபோது எடுத்துவைத்த பதிவுகளை ஆண்டி அவனிடம் கொடுக்கிறான். வீட்டுக்கு வா என்கிறான் தம்பி. அண்ணன் வரவில்லை, திரும்பி உள்ளே போகிறான். 2014 இல் இரண்டாம் பாகம் வந்தது. முன்னர் காசில்லாமல் விட்ட அந்தப் பெரிய தாதாக் கதைதான் அது. சிறைச்சாலை, கார்கள், பெரிய தாதாக் குடும்பங்கள் என்று எல்லாம் பெருத்துவிட்டது. அந்தப் பழைய தொடர்மாடிக்கு ஒருத்தரும் திரும்பிப் போகவில்லை.

கடைசி பஸ்ஸை விட்டவர்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கும்போது, எழும்பிப் போனவர் கேட்டார்: “பொலிஸ் போனாப் பிறகு அந்த மருந்துக்காரனுக்கு என்ன நடந்திருக்கும்?”

ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. அவன் வீட்டுச் சுவரில் ஓட்டைகள் இருக்கும். மனைவிக்கு மருந்து முடிந்திருக்கும். கீழே இறங்கித்தான் வாங்கவேண்டும்.